பிரேசில் ஜாஸில் புதிய ஆல்பங்களைக் கண்டுபிடிப்பது எப்படி: ஒரு பேஸ் கிட்டார்காரனின் வழி

பிரேசில் ஜாஸில் புதுசாக என்ன கேட்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். பாடகர் பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டிரம்ஸ் யார், பேஸ் யார், இசைக்கோர்ப்பு யார் என்று பாருங்கள்.

நான் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறவன். அதனால் என் இனத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்டு இசை அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. ஒரு நல்ல டிரம்மர் காலையில் ஒரு சம்பா (பிரேசிலின் நடன இசை) பாடகருக்கு வாசிப்பார், மாலையில் ஒரு ஜாஸ் பியானோக்காரருக்கு வாசிப்பார். உறையில் பெரிதாக இருக்கும் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே வாசிக்கிற கை அதேதான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்து எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. அந்த நாளில் ஸ்ட்ரீமிங் செயலியைத் திறந்து "பிரேசில்" என்று தட்டினால் கொட்டுவதெல்லாம் காபிக்கடை போசா நோவாதான் (சம்பாவையும் ஜாஸையும் மென்மையாகக் கலந்த இசை). யார் வாசித்தது என்ற தகவலே இல்லாத, எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் போகிற தொகுப்புகள். அதைக் கேட்டுவிட்டு "பிரேசில் இசை தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறதே" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் தப்பில்லை. தேடிய இடம்தான் தப்பு.

முதலில் பதிவான ஆண்டைப் பாருங்கள்

"புதிய வெளியீடு" என்ற தலைப்பில் உங்கள் முன் வரும் ஆல்பம் போன வருடம் பதிவானதாக இருக்கலாம், ஐம்பது வருடத்துக்கு முன்னால் பதிவாகி டேப்பிலேயே கிடந்ததாகவும் இருக்கலாம். இந்த இசையில் இரண்டாவது ரகம் நிறைய வரும். எனவே கேட்கத் தொடங்குவதற்கு முன் ஆல்பம் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய் எங்கே, எந்த ஆண்டு பதிவானது என்று படித்துவிடுங்கள். ஸ்ட்ரீமிங் செயலிகள் காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். அது பல நேரம் மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கும். டிஸ்காக்ஸ் தளத்தில் அதே ஆல்பத்தைத் தேடினால் எல்லாப் பதிப்புகளும் நாடு, ஆண்டு, லேபிள் (வெளியிட்ட நிறுவனம்) என்று வரிசையாக வரும். வாத்தியக்காரர்கள் பட்டியலும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் பாடகி ஜாய்ஸ் மொரேனோவின் "நட்டுரெசா". லண்டனின் ஃபார் அவுட் லேபிள் இதை வெளியிட்டது 2022இல். பதிவானதோ 1977இல், நியூயார்க்கில். இசைக்கோர்ப்பு கிளாஸ் ஓகர்மன். போசா நோவா இசையமைப்பாளர் ஜோபிமுக்கும் அமெரிக்கப் பாடகர் சினாட்ராவுக்கும் வயலின் கூட்டத்தை எழுதிக்கொடுத்த அதே ஜெர்மானியர். தாளத்தில் நானா வாஸ்கொன்செலோஸ், டிரம்ஸில் டுட்டி மொரேனோ. இத்தனை பேர் கூடிச் செய்த ஆல்பம் நாற்பத்தைந்து வருடம் வெளியே வராமல் கிடந்தது. அதில் "ஃபெமினினா" பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஜாய்ஸ் 1980இல் வெளியிட்ட அதே பாட்டின் பிரபலமான வடிவத்தை முதலில் கேளுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். பாட்டு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், கிட்டாரும் குரலும் ஒரே சுழலில் சுற்றிச் சுற்றி ஏறுவதை அப்போதுதான் முழுதாக அனுபவிக்க முடியும்.

எர்மேட்டோ பாஸ்கோவாலின் "வியஜாண்டோ கோம் ஓ சோம்" இன்னொன்று. 1976இல் சாவோ பாலோவின் வைஸ் வெர்சா ஸ்டூடியோவில் பதிவாகி 2017இல் வெளிவந்தது. எர்மேட்டோ 2025 செப்டம்பர் 13ஆம் தேதி காலமானார். கைக்குக் கிடைத்த எதையும் வாத்தியமாக்கிய மனிதர், கெட்டில் உட்பட. இப்படிப்பட்டவர் மறைந்த பிறகு பழைய டேப்புகளும் மறுவெளியீடுகளும் வரிசையாக வருவது வழக்கம். அவை வரும்போது ஆண்டைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்குக் கை கொடுக்கும். அவரே உயிரோடு இருந்தபோது கடைசியாகத் தந்தவற்றில் ஒன்று 2024இல் வந்த "ப்ரா வொசே, இல்ஸா". மறைந்த மனைவிக்காக அவர் எழுதிய மெட்டுகள். பழைய டேப்புகளுக்குப் போகும் முன் இதைக் கேட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நூலைப் பிடித்துப் போவது

பாடகர் மார்க்கோஸ் வாலேயின் 1973ஆம் வருட ஆல்பம் "ப்ரெவிஸாவ் டோ டெம்போ". அதில் பின்னால் வாசிக்கும் மூன்று பேரைப் பாருங்கள்: கீபோர்டில் ஜோசே ரொபெர்ட்டோ பெர்ட்ராமி, பேஸில் அலெக்ஸ் மல்யெய்ரோஸ், டிரம்ஸில் மமாவ் என்று எல்லோரும் கூப்பிடும் இவான் கோண்டி. இந்த மூவரும்தான் அஸிமுத் என்ற குழு. 1975இல் சொந்தப் பெயரில் முதல் ஆல்பம் போட்டார்கள். 1979இல் வந்த "லைட் அஸ் எ ஃபெதர்" ஆல்பத்திலிருந்து "ஜாஸ் கார்னிவல்" என்ற வாத்தியப் பாட்டு பிரிட்டனில் முதல் இருபதுக்குள் போனது. வார்த்தை இல்லாத ஒரு பாட்டு, அதுவும் ரியோவிலிருந்து போன பாட்டு!

பெர்ட்ராமி 2012இலும் மமாவ் 2023இலும் மறைந்தார்கள். மிச்சம் இருப்பவர் மல்யெய்ரோஸ். அவர் கீபோர்டில் கீக்கோ கோண்டினெண்டினோவையும் டிரம்ஸில் ரெனாட்டோ மாஸாவையும் சேர்த்துக்கொண்டு 2025இல் "மார்க்கா பாஸோ" என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். நான் இங்கே சொல்ல வந்த புது ஆல்பம் இதுதான். நேராக இதற்கே வந்திருந்தால் "நன்றாக இருக்கிறது" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். 1973இலிருந்து நூல் பிடித்து வந்தால் கதையே வேறு. டிரம்ஸ் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும்போது அதே பேஸ்காரர் என்ன செய்கிறார், எங்கே இடம் விடுகிறார், எங்கே தானே தள்ளிக்கொண்டு போகிறார் என்பதைக் கவனிப்பீர்கள். மல்யெய்ரோஸ் ஒரு சுரத்தை நீளமாகப் பிடிக்கவே மாட்டார்; தட்டி உடனே விடுவார். அந்த விடுதலில்தான் தாளத்துக்கு ஆட்டம் பிறக்கிறது, உடம்பு ஆடுகிறது. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் இவரைத்தான் போட்டுக் காட்டுகிறேன்: சுரத்தை எப்போது நிறுத்துகிறார் பார், அதுதான் பேஸ்.

மார்க்கோஸ் வாலேயும் ஓய்ந்துவிடவில்லை. 2019இல் "செம்ப்ரி", 2024இல் "டுனெல் அகுஸ்டிகோ" என்று ஃபார் அவுட்டிலேயே தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

இளைஞர்கள் பக்கமும் இதே வித்தை பலிக்கும். பாலா டெஸெஜோ என்று நால்வர் குழு, 2022இல் "சிம் சிம் சிம்" போட்டு லத்தீன் கிராமி வாங்கினார்கள். ஜூலியா மெஸ்ட்ரி, லூக்காஸ் நூனிஸ், டோரா மொரெலன்பாம், ஸே இபார்ரா. ஒவ்வொருவரையும் தனித்தனியே தேடுங்கள். டோராவின் 2024 ஆல்பம் "பிக்கி"யைத் தயாரித்தவர் ஆனா ஃப்ராங்கோ எலெட்ரிகோ; அவருடைய சொந்த ஆல்பம் 2023இல் வந்திருக்கிறது, அங்கே ஒரு கதவு திறக்கிறது. டோராவின் அப்பா ஜாக்கிஸ் ஜோபிமுடன் செல்லோ வாசித்தவர், அம்மா பாவ்லா பாடகி. அந்தப் பக்கம் போனால் 2001இல் அவர்கள் இருவரும் ஜப்பானின் ரியூய்ச்சி சகாமோட்டோவுடன் ஜோபிமின் வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்த "காஸா" கிடைக்கும். ஸே இபார்ரா மூத்த பாடகர் மில்டன் நாசிமென்டோவின் 2022 விடைபெறும் பயணத்தில் கூடவே மேடையில் பாடியவர். ஒரு குழுவின் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு மாதத்துக்குக் கேட்க வேண்டியது வந்துவிட்டது, பார்த்தீர்களா.

அடியைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் எத்தனை ஆல்பம் கேட்டாலும் மேலோட்டம்தான். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் அடி விழுவதே கேட்காது. சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

சம்பாவில் இரண்டிரண்டாக எண்ணுங்கள். சுர்டோ என்ற பெரிய முரசின் கனமான அடி இரண்டாவதில் விழும். நமக்கு முதல் அடியில் சாய்ந்தே பழக்கம், சமத்தில் தொடையைத் தட்டிப் பழகியவர்கள். சம்பாவுக்குக் கையை எடுத்து இரண்டில் தட்டுங்கள். முதலில் தடுமாறும். பிடிபட்டதும் பேஸ் ஏன் அப்படிப் போகிறது என்பது சட்டென்று விளங்கிவிடும், ஏனென்றால் பேஸ் அந்தச் சுர்டோவைத்தான் பின்தொடர்கிறது.

அடுத்தது பாண்டெய்ரோ. நம் கஞ்சிராவின் உறவுக்காரன் என்றே சொல்லலாம்: வட்டச் சட்டம், தோல், சலங்கைத் தகடு. வாசிக்கிற முறை வேறு. கஞ்சிராவில் பிடித்திருக்கும் கை தோலின் விளிம்பை அழுத்திச் சுருதியை வளைக்கும். பாண்டெய்ரோவில் பிடித்திருக்கும் கை சட்டத்தையே முன்னும் பின்னும் அசைக்கும், அடிக்கிற கை கட்டைவிரல், விரல்நுனி, உள்ளங்கை அடிப்பாகம் என்று மாறி மாறி விழும். அந்த அசைவில்தான் இடைவிடாத "ச்சிக்கு ச்சிக்கு" பிறக்கிறது. அதிலும் நடு அடிகள் கணக்குப்படி சமமாக விழாது, கொஞ்சம் நெருங்கி விழும். டிரம்மர்கள் ஹை-ஹேட் என்ற ஜோடித் தகடுகளில் செய்வதும் இதைத்தான். மமாவின் இடது வலது கைகளைத் தனியாகப் பிரித்துக் கேட்டால் ஒரு கையில் பாண்டெய்ரோ ஓடிக்கொண்டிருக்கும்.

வடகிழக்கின் பாயாவ் நமக்கு இன்னும் சுலபம். எட்டு மாத்திரையை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்துப் போடும் அடி. வாயால் "தகிட தகிட தக" என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள், பேஸ் உங்கள் வாய்க்குள் வந்துவிடும். 1940களில் லூயிஸ் கொன்ஸாகா அக்கார்டியனோடு நாடு முழுக்கக் கொண்டுபோன தாளம் இது. அதே தாளம் இன்றைக்கு ரெசிஃபி நகரத்துப் பியானோக்காரர் அமாரோ ஃப்ரெய்தாஸின் இடது கையில் இருக்கிறது.

ஒரு ஆல்பத்தை உட்கார்ந்து கேட்பது

அமாரோவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இப்போது பிரேசிலிலிருந்து வரும் ஜாஸில் எனக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். சிறுவயதில் தேவாலயத்தில் வாசித்துக் கற்றவர். 2018இல் "ராஸிஃப்", 2021இல் "சங்கோஃபா", 2024 மார்ச்சில் "ஈஈ". இந்தக் கடைசி ஆல்பம் அமேசானில் மனாவுஸ் பக்கம் போய் சத்தெரே மவே பழங்குடி மக்களோடு இருந்துவிட்டு வந்தபின் செய்தது. தலைப்பும் அவர்கள் மொழியில் நீரைக் குறிக்கும் சொல்.

இதை வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஷஃபிள் போட்டால் பாழ். முன்பாதி அமாரோ தனியாக. கம்பிகளின்மேல் பொருள்களை வைத்து அமைத்த பியானோ. ஒரே கட்டை ஒரு நேரம் மரத்தைத் தட்டுகிற மாதிரியும் ஒரு நேரம் சலங்கை மாதிரியும் ஒலிக்கும். இரண்டாவது பாட்டு நீரில் வாழ்வதாகக் கதைகள் சொல்லும் உயாராவைப் பற்றியது, மூன்றாவது நானா வாஸ்கொன்செலோஸுக்கு வணக்கம். நாலாவது வரும்போது பியானோ முழுக்கத் தாளவாத்தியமாகிவிடுகிறது. பின்பாதியில்தான் விருந்தாளிகள் ஒவ்வொருவராக வருகிறார்கள்: ஷபாக்காவின் புல்லாங்குழல், ஜெஃப் பார்க்கரின் கிட்டார், பிராண்டி யங்கரின் ஹார்ப், கடைசியில் ஹமீத் டிரேக்கின் டிரம்ஸ். அதுவரை டிரம்ஸே இல்லாமல் இருந்த ஆல்பத்தில் டிரம்ஸ் நுழையும் இடத்தை நான் எத்தனை தடவை கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். முன்பாதியைத் தாண்டி நேராக அங்கே போனால் அந்த நிமிர்வு கிடைக்காது.

என் வழக்கம் இது. முதல் தடவை வேறு வேலை இல்லாமல் முழுதும். மறுநாள் பேஸை மட்டும், பேஸ் இல்லாவிட்டால் இடது கையை மட்டும். பிறகு பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. ஒரு வாரத்துக்கு ஒரு ஆல்பம்தான். அதற்கு மேல் போனால் எதுவும் நிற்பதில்லை.

2024 ஆகஸ்டில் வந்த "மில்டன் ப்ளஸ் எஸ்பெரான்சா"வுக்கு மட்டும் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும். மில்டன் நாசிமென்டோ 1942இல் பிறந்தவர். இதில் அவர் குரல் இறங்கியிருக்கிறது, நடுங்குகிறது. அதைக் குறையாகக் கேட்டுவிட்டு யாரும் விலகிவிடக் கூடாது என்பது என் ஆசை. அதனால் 1972இல் வந்த "க்ளூபி டா எஸ்கினா"வை முதலில் கேளுங்கள், வானத்தைத் தொடும் அந்தக் குரல் காதில் பதியட்டும். அடுத்து 1975இல் சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டருடன் சேர்ந்த "நேட்டிவ் டான்சர்". அதன் பிறகு இதைப் போடுங்கள். எஸ்பெரான்சா ஸ்பால்டிங் பேஸும் வாசித்துப் பாடவும் செய்கிறார், ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. மில்டனின் குரல் தளரும் இடங்களில் தன் குரலை அவர் எவ்வளவு அருகில் கொண்டுவந்து வைக்கிறார் என்று கவனியுங்கள். மூடி மறைப்பதில்லை, பக்கத்தில் நிற்கிறார். பேஸ் வாசிக்கிறவர்களுக்குத்தான் இப்படிப் பாட வரும் என்று எனக்குத் தோன்றும்.

எந்த லேபிள்களைக் கவனிப்பது

ஃபார் அவுட் பற்றிச் சொல்லிவிட்டேன், 1994இல் ஜோ டேவிஸ் தொடங்கியது. மிஸ்டர் போங்கோவும் பிரிட்டன்தான். மறுவெளியீடுகளும் டோரா, ஆனா போன்ற புதியவர்களும் அங்கே. இசைக்கோர்ப்பாளர் ஆர்தர் வெரோக்காயின் 1972 ஆல்பத்தைக் கேட்டிராதவர்கள் அவர்களுடைய மறுபதிப்பிலிருந்தே தொடங்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் ஏட்ரியன் யங்கும் அலி ஷஹீத் முஹம்மதும் நடத்தும் ஜாஸ் இஸ் டெட், மூத்த கலைஞர்களை வரவழைத்து டேப்பில் புதுசாகப் பதிவு செய்கிறது. மார்க்கோஸ் வாலே, அஸிமுத், ஜுவாவ் டொனாட்டோ ஆகியோருடன் செய்தவை 2020, 2021இல் வந்தன. டொனாட்டோ 2023இல் மறைந்தார் என்பதை நினைத்தால் அந்த அவசரம் எவ்வளவு நியாயமானது என்று தெரியும்.

ஆனால் லண்டனையும் லாஸ் ஏஞ்சலஸையும் மட்டும் பார்த்தால் அங்கே நடன அரங்குகளில் எடுபடுவது மட்டுமே உங்களுக்கு வந்து சேரும். பிரேசிலின் சொந்த லேபிள்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரொசினாண்டே, சாவோ பாலோவின் ரிஸ்கோ, செலோ செஸ்க். எர்மேட்டோவின் "ப்ரா வொசே, இல்ஸா" ரொசினாண்டே போட்டதுதான். அவர்கள் 2022இல் கொண்டுவந்த இன்னொன்று, சால்வடோர் நகரத்து ஓர்கெஸ்ட்ரா ரும்பிலெஸ் என்ற குழு, இசையமைப்பாளர் மோவாசிர் சாண்டோஸின் இசையை வாசித்த ஆல்பம். மோவாசிரின் 1965ஆம் வருட "கோய்ஸாஸ்" பிரேசில் ஜாஸின் அடிக்கல். ரும்பிலெஸை நடத்திய லெட்டியெரெஸ் லெய்ட்டி ஆல்பம் வெளிவரும் முன்பே, 2021இல் காலமாகிவிட்டார். அவர் மேடையில் தாளக்காரர்களை முறையான உடுப்பில் நடுவே நிறுத்துவார். ஊதுவாத்தியக்காரர்கள் அரைக்கால்சட்டையும் செருப்புமாகச் சுற்றி நிற்பார்கள். வழக்கமாகப் பின்னால் ஒதுக்கப்படும், காண்டொம்ப்ளே என்ற ஆப்பிரிக்க-பிரேசில் வழிபாட்டு மரபின் முரசுக்காரர்களுக்குத்தான் முதல் மரியாதை என்பதைக் கண்ணால் காட்டினார். ஆல்பத்திலும் அப்படியே, முரசு வழி சொல்ல ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் பின்னால் வருகின்றன. இது ஐரோப்பிய லேபிள் பட்டியலில் உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

இந்த லேபிள்கள் பலவற்றுக்கு இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் பக்கம் உண்டு; அங்கே "ஃபாலோ" அழுத்திவிட்டால் புது ஆல்பம் அறிவித்த அன்றே மின்னஞ்சல் வரும். இல்லாதவற்றை இன்ஸ்டாகிராமில் பின்தொடருங்கள். வாத்தியக்காரர் பட்டியலைப் போர்த்துகீசில் "ஃபிச்சா டெக்னிகா" என்பார்கள். பதிவுகளில் அந்தத் தலைப்பைக் கண்டால் "பட்டெரியா" டிரம்ஸ், "பைஷோ" பேஸ், "அரான்ஜோஸ்" இசைக்கோர்ப்பு. இந்த மூன்றும் போதும், மற்றதை ஃபோன் மொழிபெயர்த்துவிடும்.

காசு கொடுத்து வாங்குவது

பிடித்ததை வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் நாம் கேட்பதால் ரெசிஃபியில் இருக்கும் ஒரு டிரம்மருக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். எல்லா மாதமும் இருக்காது, தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். நான் மாதம் முழுக்கக் கேட்டுப் பிடித்தவற்றை விருப்பப்பட்டியலில் போட்டுவைத்து அந்த நாளில் மொத்தமாக வாங்குகிறேன். ஃப்ளாக் (ஒலித் தரம் குறையாத) கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள், சுர்டோவின் அடிப்பகுதி அதில் முழுதாக இருக்கும்.

எல்பி வேண்டும் என்றால் தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வட்டின் விலையை அவை இரண்டும் சேர்ந்து எட்டிவிடுவது உண்டு. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் தபால் செலவு கட்டுப்படியாகும். மறுவெளியீடு என்றால் மூல டேப்பிலிருந்து எடுத்தார்களா என்று லேபிள் சொல்லியிருக்கிறதா பாருங்கள். நல்ல லேபிள்கள் அதை ஒளிக்காமல் எழுதுவார்கள். உறைக்குள் பெயர்ப் பட்டியல் அச்சிட்ட தாள் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வட்டைவிட அந்தத் தாள் முக்கியம். அடுத்த மாதம் யாரைத் தேட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.